தாவரவியல் மேதை டாக்டர் ஜானகி அம்மாள்

காலையில் நாம் அருந்தும் காப்பியில் கலந்திருக்கும் சர்க்கரை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆலையிலிருந்து வந்தது, அதற்கு முன் கரும்புத் தோட்டத்திலிருந்து வந்தது என்று நம் சிறு வகுப்புத் தங்கைகளும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தக் கரும்பு எங்கிருந்து வந்தது? உழவர் பெருமக்களின் வியர்வை அதில் இருக்கிறது. அதோடு, கோயம்புத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின்முன் குனிந்து அமர்ந்து, கரும்பின் கண்ணுக்குத் தெரியாத உள்ளமைப்பை ஆராய்ந்த அறிஞர்களின் உழைப்பும் இருக்கிறது. அவ்வறிஞர்களுள் ஒருவர் பெண்மணி. பெண்கள் எழுதப் படிக்கக் கற்பதே போதும் என்று எண்ணிய காலத்தில் மூன்று கண்டங்களில் பயின்றும் பணியாற்றியும் புகழ் பெற்ற அவர்தாம் டாக்டர் ஜானகி அம்மாள். அன்னாரின் வாழ்க்கையை இம்மலரில் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில், அரபிக் கடலோரம் அமைந்த அழகிய ஊர் தலச்சேரி. இன்று அது கேரள மாநிலத்தில் உள்ளது. அவ்வூரில் 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் ஜானகி பிறந்தார். தந்தையார் திவான் பகதூர் ஈ. கே. கிருஷ்ணன் சார்பு நீதிபதியாக இருந்தவர். தாயார் பெயர் தேவி. வீடு நிறையப் பிள்ளைகள். உடன்பிறந்தோர் எல்லாரையும் சேர்த்து எண்ணினால் பத்தொன்பது பேர்!

நீதிமன்ற அலுவல் முடிந்து வீடு திரும்பும் தந்தையாருக்கு இயற்கையே பொழுதுபோக்கு. வீட்டைச் சுற்றித் தோட்டம் வளர்த்தார். வட மலபாரின் பறவைகளைக் கூர்ந்து கவனித்து நூல் எழுதினார். இலை ஏன் இப்படி இருக்கிறது, பூ ஏன் இந்த நிறம் கொண்டது என்று கேட்கும் பழக்கம் சிறுமி ஜானகிக்குத் தோட்டத்திலேயே படிந்தது. பிள்ளைகளுக்குப் பெற்றோர் விட்டுச் செல்லும் சொத்துகளில் இப்படிப்பட்ட பழக்கமே சிறந்த சொத்து என்று நாம் எண்ணுகிறோம்.

ஜானகியின் பள்ளிப் படிப்பு தலச்சேரியிலுள்ள திரு இருதய கான்வென்ட்டில் நடந்தது. கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளி அது. நம்மைப் போலவே சீருடைத் தோழியருடன் வரிசையில் நின்று, மணி அடித்ததும் வகுப்புக்குச் சென்ற ஒரு மாணவிதான் பின்னாளில் உலகம் அறிந்த அறிஞர் ஆனார் என்பதை நினைக்கும்போது நமக்குப் பெருமையாக இருக்கிறது.

சென்னையில் உயர்கல்வி

தமக்கையருக்கும் தங்கையருக்கும் ஒருவர்பின் ஒருவராகத் திருமணம் நடந்தது. அக்காலத்தில் ஒரு பெண்ணின் எதிர்காலம் என்றால் அது ஒன்றுதான். ஜானகி வேறு வழியைத் தேர்ந்துகொண்டார். மேலே படிக்க வேண்டும் என்னும் அவரது விருப்பத்தை வீட்டார் தடுக்கவில்லை. அவர் கடைசிவரை மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்தார். கல்வியையே தம் வாழ்க்கைத் துணையாக வரித்துக்கொண்டார் என்று சொல்லலாம்.

சென்னையில் பெண்களுக்கென்று 1914-இல் தொடங்கப்பட்ட இராணி மேரி கல்லூரியில் பட்டப் படிப்பை முடித்தார். பிறகு மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் பட்டத்தை 1921-இல் பெற்றார். அதன்பின் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியை ஆனார். நல்ல கல்லூரி, மதிப்பான வேலை, சொந்தச் சம்பளம். அந்நாளில் ஒரு பெண் இதற்குமேல் ஆசைப்படுவது அரிது. ஆனால் அம்மையாரின் அறிவுப் பசி அடங்கவில்லை.

கடல் கடந்த கல்வி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் லீவை பார்பர் என்னும் வழக்கறிஞர் இருந்தார். அவர் கீழை நாடுகளில் சுற்றுப்பயணம் செய்தபோது, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று தாயகம் திரும்பித் தொண்டாற்றிய சீனப் பெண்களைக் கண்டார். இரண்டு மூன்று பெண்கள் படித்ததால் இத்தனை நன்மை விளைந்தது என்றால் இன்னும் பலர் படித்தால் எவ்வளவு நன்மை விளையும் என்று எண்ணினார். ஆசியப் பெண்கள் அப்பல்கலைக்கழகத்தில் பயில்வதற்காக 1917-இல் ஓர் உதவித்தொகைத் திட்டத்தை ஏற்படுத்தினார். அவ்வுதவித்தொகை ஜானகி அம்மாளுக்குக் கிடைத்தது. 1924-இல் கப்பல் ஏறினார்.

விமானத்தில் ஒரே நாளில் பறந்து சென்று அன்று மாலையே வீட்டாருடன் பேசிவிடும் இக்காலத்தில், அப்பயணத்தின் அருமை நமக்கு எளிதில் புரியாது. வாரக்கணக்கில் கடற்பயணம், கடிதம் போய்ச்சேரவும் வாரங்கள் ஆகும். நியூயார்க் துறைமுகத்தில், எல்லிஸ் தீவு என்னும் இடத்தில், குடிவரவு அதிகாரிகள் தாள்களைச் சரிபார்க்கும்வரை அம்மையாரைச் சிறிது காலம் நிறுத்திவைத்தார்கள். பட்டுடுத்தி, நீண்ட கருங்கூந்தலுடன் நின்ற அவரை இந்திய இளவரசியோ என்று சிலர் ஐயுற்றார்களாம். அம்மையாரும் சிரித்துக்கொண்டே அதை மறுக்காமல் விட்டுவிட்டார் என்று சொல்லுவார்கள்.

ஆன் ஆர்பர் நகரில், மார்த்தா குக் இல்லம் என்னும் மாணவியர் விடுதியில் தங்கிப் பயின்றார். பேராசிரியர் பார்ட்லெட் அவருக்கு வழிகாட்டியாக இருந்தார். முதுகலைப் பட்டம் பெற்றுத் திரும்பிச் சென்னையில் மீண்டும் கற்பித்தார். பின்னர் மறுபடியும் மிச்சிகன் சென்று 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவரவியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே என்று கூறுவர்.

அவர் ஆராய்ந்தது என்ன? ஒவ்வோர் உயிரும் செல்களால் ஆனது என்று நாம் அறிவியல் பாடத்தில் படிக்கிறோம். செல்லின் நடுவில் உள்ள உட்கருவில் நூல் துணுக்குகளைப் போன்ற குரோமோசோம்கள் உள்ளன. பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைக்குக் கொண்டுசெல்பவை இவையே. நெல்லுக்கு 24, மக்காச்சோளத்துக்கு 20, வெங்காயத்துக்கு 16 என்று ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அக்கணக்கைப் பார்ப்பது எளிதன்று. வேர்நுனியையோ பூமொட்டையோ தக்க நேரத்தில் கிள்ளியெடுத்து, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் பரப்பி, மணிக்கணக்கில் நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். ஒன்று கூடினாலும் ஒன்று குறைந்தாலும் முடிவு தவறிவிடும். கண்ணும் கையும் மனமும் ஒருங்கே உழைத்தால் அன்றி முடியாத வேலை அது.

கத்தரி, தக்காளியின் குடும்பத்தைச் சேர்ந்த நிக்காண்ட்ரா என்னும் செடியின் குரோமோசோம்களைப் பற்றியே அம்மையார் டாக்டர் பட்டத்துக்கு ஆய்ந்தார். அச்செடியை அவர் அத்துடன் விட்டுவிடவில்லை. பல ஆண்டுகளுக்குப்பின் இலண்டனில் அதையே மீண்டும் எடுத்து ஆராய்ந்தார். அதன் விதைகளுள் சிலவற்றில் 20 குரோமோசோம்களும் சிலவற்றில் 19-உம் இருப்பதையும், 20 உள்ளவை விரைவில் முளைக்க, 19 உள்ளவை மண்ணில் தங்கிக் காலந்தாழ்த்தி முளைப்பதையும் 1945-இல் தம் துணைவருடன் வெளியிட்டார். எல்லா விதையும் ஒரே நாளில் முளைத்து ஒரே வெயிலில் கருகிப் போகாதபடி இயற்கை செய்துவைத்த சேமிப்பு இது! எடுத்த பாடத்தைப் பட்டம் கிடைத்ததும் மறந்துவிடாத இப்பண்பை, தேர்வு முடிந்த மறுநாளே புத்தகத்தைத் தூக்கிப் போடும் நாம் சற்று நினைத்துப் பார்ப்போமாக.

கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி

தாயகம் திரும்பிய அம்மையார் திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் 1932 முதல் 1934 வரை பேராசிரியராக விளங்கினார். பின்னர் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார்.

இந்நிலையம் தோன்றிய காரணத்தை இங்கே சொல்லவேண்டும். நம் நாட்டில் தொன்றுதொட்டுக் கரும்பு பயிரானபோதிலும், வட இந்தியக் கரும்புகள் மெலிந்தவை, சாறு குறைந்தவை. தடித்த, இனிப்பு மிகுந்த கரும்போ வட நாட்டுக் குளிரையும் வறட்சியையும் நோயையும் தாங்குவதில்லை. அதனால் சாவக நாட்டிலிருந்து சர்க்கரையை விலைகொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். இக்குறையைப் போக்க 1912-இல் கோயம்புத்தூரில் நிலையம் தொடங்கப்பட்டது. டாக்டர் பார்பர், டி. எஸ். வெங்கட்ராமன் ஆகியோர் இனிப்புக் கரும்பை ஆற்றங்கரையில் தானே வளரும் நாணலுடன் இணைத்துப் புதிய வகைகளை உண்டாக்கினர். இனிப்பு தாயிடமிருந்தும் உறுதி நாணலிடமிருந்தும் வந்தன. கோ 205 என்று தொடங்கிய அவ்வரிசைக் கரும்புகள் இந்தியாவெங்கும் பரவின.

ஆனால் இவ்விணைப்பில் செல்லுக்குள் என்ன நடக்கிறது? அதை அறிந்தால்தானே அடுத்த இணைப்பைத் திட்டமிட்டுச் செய்ய முடியும்! அப்பணி ஜானகி அம்மாளிடம் வந்தது. கரும்பின் குரோமோசோம் கணக்கு மிகச் சிக்கலானது. இனிப்புக் கரும்பில் 80. நாணலிலோ இடத்துக்கு இடம் மாறி 40 முதல் 128 வரை. இரண்டும் சேர்ந்த வகைகளில் நூற்றுக்கும் மேல். அம்மையார் பொறுமையாக எண்ணினார். நாணலின் வகைகள் எங்கெங்கே எப்படிப் பரவியுள்ளன என்று ஆராய்ந்தார். கரும்பைத் தர்ப்பைப் புல்லுடனும் மக்காச்சோளத்துடனும்கூட இணைத்துப் பார்த்தார். கரும்பும் மக்காச்சோளமும் சேர்ந்த கலப்பினத்தைப் பற்றி 1938-இல் அவர் வெளியிட்ட செய்தி உலக அறிஞர்களின் கவனத்தைக் கவர்ந்தது. அதற்கு முன்பே, 1935-இல், சர் சி. வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துச் சிறப்பித்திருந்தது.

புகழ் வந்ததே ஒழிய மனநிறைவு வரவில்லை. தனித்து வாழும் பெண். அதிலும் தாழ்த்திப் பார்க்கப்பட்ட தீயர் சமூகத்தில் பிறந்தவர். ஆண்களே நிறைந்த அந்நாளைய ஆய்வுலகில் இவ்விரண்டும் அவருக்கு இடையூறாக நின்றன. செய்த வேலைக்கு உரிய இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. இதை நாம் மூடி மறைக்கத் தேவையில்லை. அறிவுக்கு ஆண் பெண் என்ற வேற்றுமையோ உயர்வு தாழ்வோ இல்லை. அவற்றை உண்டாக்கியவர்கள் மனிதர்களே.

குண்டுமழையில் ஓர் ஆய்வுக்கூடம்

1939 ஆகஸ்டு மாத இறுதியில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மரபியல் மாநாடு கூடியது. அம்மையார் அதற்குச் சென்றார். மாநாடு முடிந்த சில நாள்களிலேயே, செப்டம்பர் 3-ஆம் நாள், பிரிட்டன் போரில் இறங்கியது. கடல்வழி ஆபத்தாகிவிட்டது. சில வாரப் பயணமாகப் போனவர் பத்து ஆண்டுகளுக்குமேல் அங்கே தங்கும்படி ஆயிற்று.

முடங்கிக் கிடக்கும் இயல்பு அவருக்கு இல்லை. இலண்டனுக்கு அருகில் மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் 1940-இல் உதவி ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். குரோமோசோம் ஆராய்ச்சியில் பெரும்புகழ் பெற்ற சி. டி. டார்லிங்டன் அங்கே இருந்தார். இரவில் செருமானிய விமானங்கள் குண்டு வீசும். அம்மையார் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வார். பொழுது விடிந்ததும் ஆய்வுக்கூடத்துக்குச் சென்று, அலமாரித் தட்டுகளில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துத் தள்ளிவிட்டு, முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்குவார். உணவுக்குப் பங்கீடு, ஊருக்குப் போக வழியில்லை, உற்றார் முகம் காண முடியவில்லை. அத்தனைக்கும் நடுவில் அந்த எண்ணிக்கை மட்டும் நிற்கவில்லை.

அந்த உழைப்பின் பயனாக டார்லிங்டனும் ஜானகி அம்மாளும் சேர்ந்து எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ் 1945-இல் வெளிவந்தது. நிலப்பட நூலில் நாடுகளையும் ஆறுகளையும் தேடிக் காண்பதுபோல, மனிதர் பயிரிடும் ஆயிரக்கணக்கான தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையை இந்நூலில் தேடிக் காணலாம். எந்தச் செடியை எதனுடன் இணைக்கலாம், எந்தப் பயிர் எந்தக் காட்டுச் செடியிலிருந்து வந்தது என்று ஆராய்வோருக்கு அது பெருந்துணையாயிற்று. மனிதரின் குரோமோசோம் 46 என்னும் சரியான கணக்கே 1956-இல்தான் வெளியாயிற்று. அதுவரை 48 என்றே எண்ணியிருந்தார்கள் என்பதைக் கருதினால், செடிகளின் கணக்கை அத்தனை பெரிய அளவில் திரட்டியது எத்தகைய அருஞ்செயல் என்பது விளங்கும்.

வெண்மலர் மரம்

போர் முடிந்தபின் அரச தோட்டக்கலைக் கழகம் விஸ்லி என்னும் இடத்திலுள்ள தன் தோட்டத்தில் பணிபுரிய அம்மையாரை அழைத்தது. அக்கழகம் சம்பளம் கொடுத்து அமர்த்திய முதல் பெண் அறிவியலாளர் அவரே. அங்கே கோல்ச்சிசின் என்னும் மருந்தைக் கொண்டு ஆராய்ச்சி செய்தார். நம் வேலிகளில் தீச்சுடர்போல் பூக்கும் கார்த்திகைப்பூச் செடியின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் நஞ்சும் இதுவே. இளம் நாற்றில் இதைத் தடவினால், செல் இரண்டாகப் பிரியாமல் நின்றுவிட, குரோமோசோம்கள் மட்டும் இரட்டிக்கும். அப்படி வளரும் செடியின் இலையும் இதழும் தடித்துப் பெரியனவாகும்.

மக்னோலியா மர நாற்றுகளில் அம்மையார் இவ்வாறு செய்து பார்த்தார். அவற்றை விஸ்லியின் பேட்டில்ஸ்டன் குன்றில் நட்டார்கள். வெள்ளை வெளேரென்று பூக்கும் அவ்வகைகளுள் ஒன்றுக்கு ஜானகி அம்மாள் என்றே பெயர். இலை தளிர்க்கும் முன்னரே இளவேனிலில் மரம் முழுதும் மலரும் அதன் பெயரை ஆங்கில நாட்டுத் தோட்டக்காரர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தாயகத்தின் அழைப்பு

விடுதலை பெற்ற இந்தியாவுக்கு அறிவியலறிஞர்கள் தேவைப்பட்டனர். பிரதமர் ஜவாஹர்லால் நேரு 1951-இல் அழைக்க, அம்மையார் தாயகம் திரும்பினார். இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கல்கத்தா சௌரிங்கி சந்தில் இருந்த அலுவலகத்தின்முன் தெரு குப்பையாகக் கிடந்தால், நீண்ட துடைப்பத்தை எடுத்துத் தாமே கூட்டுவாராம். பட்டமும் பதவியும் பெற்றவர் துடைப்பம் எடுக்கலாமா என்று அவர் தயங்கியதில்லை. வகுப்பறையைப் பெருக்கும் முறை வரும் நாளில் முகம் சுளிக்கும் தோழியர் இதைக் கவனிப்பார்களாக!

அவரது எண்ணம் உயர்ந்தது. நம் நாட்டுச் செடிகளை ஆங்கிலேயர் சேகரித்து இலண்டன் முதலிய இடங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நம் செடியைப் பற்றி அறிய நாம் கடல் கடக்க வேண்டியிருக்கிறது. இனி நம் தாவரங்களை நம் மண்ணில் நம்மவரே ஆராய வேண்டும் என்று அவர் விரும்பினார். ஆனால் துறையின் தலைமைப் பொறுப்பு, ஸ்பெயினில் பிறந்து பம்பாய் புனித சவேரியார் கல்லூரியில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி அருட்தந்தை சாந்தாபாவு அவர்களிடம் சென்றது. அருட்தந்தை இந்தியத் தாவரங்களுக்கே தம் வாழ்நாளை அளித்த பேரறிஞர். அவரைக் கத்தோலிக்கப் பள்ளியினராகிய நாம் பெருமையுடன் போற்றுகிறோம். ஆயினும் அப்பொறுப்பு தமக்கு உரியது என்று அம்மையார் உண்மையாகவே நம்பினார்; பழைய ஐரோப்பிய வழியே மீண்டும் வென்றுவிட்டது என்று வருந்தி டார்லிங்டனுக்குக் கடிதம் எழுதினார். இருவரும் நல்லவர்களாக இருந்தும் ஒருவருக்கு மனவருத்தம் நேரும் நிலை வாழ்க்கையில் உண்டு. அவ்வருத்தத்தைச் சாக்காக வைத்து அவர் வேலையை நிறுத்தினாரா என்பதே கேள்வி. நிறுத்தவில்லை.

மற்றொரு வருத்தம் அதைவிட ஆழமாக அவரைத் தைத்தது. அசாமில் அப்பகுதிக்கே ஒன்றாக நின்ற ஓர் அரிய மக்னோலியா மரத்தைத் தேடி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்றார். அங்கே கண்டது மரத்தையன்று. அது எரிக்கப்பட்டுவிட்ட இடத்தை. உணவு விளைச்சலைப் பெருக்கக் காடுகளை அழித்த காலம் அது. பயிரை மேம்படுத்தப் பாடுபட்ட அவருக்கே, பயிரின் மூதாதையாகிய காட்டுச் செடி அழிந்தால் இனி எதைக் கொண்டு மேம்படுத்துவது என்ற அச்சம் பிறந்தது. நாணல் இல்லாமல் நல்ல கரும்பு ஏது?

1955-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், மனிதரால் பூமி எவ்வாறு மாறிவருகிறது என்பதைப் பற்றி உலக அறிஞர்கள் கூடி ஆராய்ந்தார்கள். அவ்வவைக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண்மணி ஜானகி அம்மாள். இந்திய மக்களின், சிறப்பாகப் பழங்குடியினரின், உணவு தேடும் முறைகளையும் வாழ்க்கையையும் பற்றி அங்கே எடுத்துரைத்தார். தாம் பயின்ற மிச்சிகன் பல்கலைக்கழகம் 1956-இல் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது.

அலகாபாத்தில் மையத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் தலைமை, ஜம்முவில் மருந்துச் செடிகள், சில காலம் டிராம்பே அணு ஆராய்ச்சி மையம் என்று அம்மையாரின் பணி நாடெங்கும் தொடர்ந்தது. பணி எங்கிருந்தாலும் கையில் இருந்தவை நுண்ணோக்கியும் பூமொட்டும்தான்.

மதுரவாயல் நாள்கள்

1970 நவம்பரில், எழுபத்து மூன்று வயதில், அம்மையார் சென்னைக்கே திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் கள ஆய்வுக்கூடம் மதுரவாயலில் இருந்தது. அங்கேயே தங்கி, மருந்துச் செடிகளைப் பயிரிட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். எளிய உணவு, எளிய உடை. மஞ்சள் நிறச் சேலையில் அவர் இருந்த தோற்றத்தைப் பலர் நினைவுகூர்ந்துள்ளனர். சுற்றிலும் பூனைக் குடும்பம் ஒன்று. ஒரே தாயின் குட்டிகளுக்குள் என்ன வேற்றுமை என்று அவற்றையும் கவனித்துக்கொண்டிருப்பார். தலச்சேரித் தோட்டத்தில் தொடங்கிய கேள்வி இன்னும் முடியவில்லை! 1977-இல் நடுவண் அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது.

அவ்வேளையில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம் எழுந்தது. மின்சாரம் வேண்டியதுதான். ஆனால் சிங்கவால் குரங்குகள் வாழும் அப்பழங்காட்டின் ஒரு பெரும்பகுதி நீரில் மூழ்கிவிடும். ஆசிரியர்களும் கவிஞர்களும் மாணவர்களும் எதிர்த்துக் குரல் எழுப்பினர். எண்பது வயதை எட்டிய ஜானகி அம்மாளும் அவர்களோடு சேர்ந்தார். குரல் கொடுத்ததோடு நில்லாமல், அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களை ஆராயும் பணியையும் மேற்கொண்டார். மரங்கள் அழியுமுன் அவற்றின் கணக்கையேனும் எழுதிவைக்க வேண்டும் என்று எண்ணினார் போலும்!

1984 பிப்ரவரி 7-ஆம் நாள், எண்பத்தாறாம் வயதில், மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் பணியில் இருந்தபோதே அம்மையார் மறைந்தார். அணைத் திட்டம் அதற்குச் சில மாதங்களுக்கு முன் கைவிடப்பட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பைக் கேட்க அவர் இல்லை. மரங்கள் நிற்கின்றன.

நாம் கற்கும் பாடம்

அவர் காலத்தில் உயிரித் தொழில்நுட்பம் என்ற சொல் நம் பள்ளிகளில் வழங்கவில்லை. இன்று மேல்நிலை வகுப்பில் அதைப் பாடமாகவே படிக்கிறார்கள். அவர் ஒன்றிரண்டாக எண்ணிய கரும்பின் மரபுச் செய்தியைக் கருவிகள் எழுத்தெழுத்தாக வாசிக்கின்றன. மிகச் சிக்கலான அக்கரும்பு மரபுத் தொகுதியின் வரைபடம் 2024-இல் வெளியாயிற்று. அதிலும் இனிப்புக் கரும்பும் நாணலும் கலந்து கிடப்பதைக் காண்கிறோம். வழி போட்டவர்களுள் ஒருவர் ஜானகி அம்மாள்.

அவர் பெயரால் தாவர வகைப்பாட்டியல் அறிஞர்களுக்கு இந்திய அரசு விருது வழங்குகிறது. ஜான் இன்னஸ் நிலையம் வளரும் நாட்டு மாணவர்களுக்கு அவர் பெயரில் உதவித்தொகை ஏற்படுத்தியுள்ளது. ஓர் உதவித்தொகையால் கடல் கடந்த பெண்ணின் பெயரால் இன்று வேறு பிள்ளைகள் கடல் கடக்கிறார்கள். கொடைக்கானலில் உண்டாக்கிய ஒரு மஞ்சள் ரோஜாவும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெற்றோர்களே! படிக்க விரும்பும் மகளைத் தடுக்காத ஒரு குடும்பம் நாட்டுக்கு அளித்த கொடை எத்தகையது என்று பாருங்கள். தோழியரே! நம்முள் பலர் மருத்துவராகவும் பொறியாளராகவும் விரும்புகிறோம்; நல்லதே. ஆயினும் பள்ளித் தோட்டத்தில் பூத்திருக்கும் செடியின்முன் ஒரு நிமிடம் நின்று, இது ஏன் இப்படி என்று கேட்கும் ஒருத்தியும் நம்மில் இருக்கட்டும். அவள் கேள்வியைக் கேட்டுச் சிரிக்காமல், அவளுக்கு ஒரு நுண்ணோக்கியைக் கொடுப்போம். இடையூறு வந்தாலும், உரிய இடம் கிடைக்காவிட்டாலும், கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு மறுபடி வேலையில் அமரும் மனத்திட்பத்தை அம்மையாரிடமிருந்து நாமும் பெறுவோமாக.